வேடந்தாங்கல் கவுலும் பழவேற்காட்டுப் பூநாரையும்

கும்மிடிப்பூண்டி என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது சிப்காட் தொழிற்பேட்டை. இரும்பு உருக்கு ஆலைகள், புகை, லாரி வரிசை, ஷிப்டு முடிந்து மின்சார ரயில் பிடிக்க ஓடும் தொழிலாளர்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலை என்றால் அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். ஆனால் அதே கும்மிடிப்பூண்டி தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், சுண்ணாம்புக்குளம் பக்கம் போய் நின்றால் காட்சியே வேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை முழங்கால் ஆழத் தண்ணீர். நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு. உற்றுப் பார்த்தால் அந்தக் கோடு மெல்ல நகரும். அவை பூநாரைகள்!

அந்தத் தண்ணீர்தான் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. சுமார் ஆறில் ஒரு பங்குதான் நம் பக்கம். மார்கழி, தை மாதங்களில் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாக இங்கே வந்து பறவை எண்ணிப் போகும் கூட்டம் ஒன்று உண்டு. "ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு கொக்கை எண்ணுவதில் என்ன லாபம்?" என்று கேட்பவர்களும் உண்டு.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். சுமார் 300 வருடம்!

முதல் பட்டியல் சென்னையில் இருந்து

இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று சென்னையில் இருந்து போனது என்பது பலருக்குத் தெரியாது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி என்பவர் இங்கே கண்ட பறவைகளின் படங்களை லண்டனுக்கு அனுப்பினார். 1713ல் வெளிவந்த ஜான் ரேயின் பறவை நூலில் அவை பின்னிணைப்பாகச் சேர்ந்தன. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை லின்னேயஸ் கொண்டு வருவதற்கும் முன்னால் நடந்த கதை இது.

அடுத்து வருபவர் எலிசபெத் குவிலிம். சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மனைவி. 1801ல் சென்னைக்கு வந்தவர் 1807ல் இங்கேயே இறந்துபோனார். அந்த ஆறு வருடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பறவைப் படங்களைத் தீட்டினார். பறவை பிடிப்பவர்கள் உயிரோடு கொண்டு வந்து கொடுத்த பறவைகளைப் பார்த்து வரைந்ததால் அந்தப் படங்களில் உயிர் இருக்கும். 100 வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த அவை 1924ல்தான் லண்டனில் கண்டெடுக்கப்பட்டன. இப்போது கனடாவில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

மூன்றாவது ஆள் தாமஸ் ஜெர்டன். இவரும் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த மருத்துவர்தான். 1862 முதல் 1864 வரை வெளியான இவருடைய 'இந்தியப் பறவைகள்' நூல் அந்தக் காலத்தில் வேதம் மாதிரி. அந்த நூலில் பல பறவைகளுக்குத் தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் கொடுத்திருக்கிறார். இந்தப் பெயர்களை ஜெர்டனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வலை விரித்துப் பறவை பிடித்தவர்கள், வேட்டைக்குக் கூட வந்தவர்கள், குளத்தங்கரைக்காரர்கள். அவர்கள் பெயர் எதுவும் அட்டையில் இல்லை. ஆனால் அறிவு அவர்களுடையது.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரனுக்குத் தெரிந்ததை வெளியூர்க்காரர் எழுதி வைப்பது என்பது நம்ம ஊர்ப் பறவை வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும்.

ஊர் கேட்டு வாங்கிய காகிதம்

எழுதியவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பறவையைக் காப்பாற்றியவர்கள் யார்? அதற்கு வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும். திருவள்ளூர்க் கதையில் வேடந்தாங்கல் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். 1997ல் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆகும் வரை பழவேற்காடும் வேடந்தாங்கலும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. ஒன்று வட கோடி, மற்றது தென் கோடி.

வேடந்தாங்கல் ஏரி பெரிதல்ல, சுமார் 30 ஹெக்டேர். ஊர்க்காரர்கள் பாசனத்துக்கு நம்பியிருக்கும் சாதாரண கிராமத்து ஏரி. மழைக்காலம் தொடங்கியதும் நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் என்று ஆயிரக்கணக்கில் வந்து ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும். 18ம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனிச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் பொறுக்கவில்லை. நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798 வாக்கில் அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். இந்த ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக் கூடாது, பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1858ல் அந்த உரிமை மறுபடி உறுதி செய்யப்பட்டது. 1936ல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், உலகிலேயே தேசியப் பூங்கா என்ற எண்ணம் உருவாவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் 1872ல்தான் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு 70 வருடத்துக்கும் முன்னால் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கிராமம் அரசாங்கத்திடம் பறவைக்காக எழுத்து வாங்கி வைத்திருந்தது!

ஏன் அவ்வளவு அக்கறை? பாசம் மட்டும் காரணமில்லை, கணக்கும் இருக்கிறது. பறவை எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் பாய்கிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. உரத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பறவைக்கு மரமும் தண்ணீரும், உழவனுக்கு உரம். இரண்டு பக்கமும் வரவு எழுதக்கூடிய பேரேடு. 200 வருடம் அந்தக் கணக்கு நின்றதற்குக் காரணம் இதுதான்.

வேடந்தாங்கல் ஒன்றுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஊர்களில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத குழந்தைகள்! எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரத்திலேயே நாரைகள் கூடு கட்டும். அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது 1994ல். ஊர் அறிவித்தது அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால்.

பழவேற்காட்டின் சங்கதி வேறு

லயனல் பிளேஸ் கவுல் எழுதிய அதே காலத்தில் பழவேற்காடு எப்படி இருந்தது? டச்சுக்காரர்கள் 1613ல் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைக்கே தலைமையிடமாக வைத்திருந்த ஊர் அது. துணி வியாபாரம், வெடிமருந்து, அடிமை வியாபாரம் எல்லாம் நடந்தது. 1795ல் ஆங்கிலேயர் கைப்பற்றி, 1818ல் திருப்பிக் கொடுத்து, 1825ல் நிரந்தரமாக வாங்கிக்கொண்டார்கள். கோட்டையும் கல்லறையும் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஏரியை நம்பி வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு.

பழவேற்காட்டில் வேடந்தாங்கல் மாதிரி ஏரிக்குள் கூடு கட்டும் மரம் கிடையாது. பறவைகள் இங்கே வருவது சாப்பிட. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்குகிறது. இரண்டும் கலந்து, சராசரி ஒரு மீட்டர் ஆழத்தில் 60 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. இறால் குஞ்சு, நண்டு, புழு, பாசி என்று அந்தச் சேற்றில் இல்லாத தீனி இல்லை.

பூநாரையைப் பாருங்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் தண்ணீரை அரித்து, நுண்ணிய உயிர்களை மட்டும் வடிகட்டித் தின்னும். அதன் சிவப்பே அந்தத் தீனியில் இருந்து வருவதுதான். தண்ணீர் ரொம்ப ஆழமானால் அதற்கு நிற்க முடியாது, வற்றிப் போனால் தீனி இல்லை. இந்தியாவில் பூநாரை பெருமளவில் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண்ணில். கூடவே ஊசிவால் வாத்துகள், உள்ளான்கள், கோட்டான்கள், ஆலாக்கள். இதில் பல ஆயிரம் கிலோ மீட்டர் தாண்டி மத்திய ஆசியா, சைபீரியா பக்கம் இருந்து வருகிறவை.

இதே தண்ணீரில்தான் மீனவர்களும் பிழைக்கிறார்கள். இங்கே 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் நல்ல மீன்பாடு உள்ள இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம். எல்லோரும் ஒரே நாளில் வலை விரித்து ஏரியைத் துடைத்துவிடாமல் இருக்க ஊர் தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. பாட்டுக்குள் இடம் இல்லாத மற்ற மீனவர்களுக்கு அதில் மனக்குறையும் உண்டு. வலையே இல்லாமல் தண்ணீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் வேறு. ஆக ஏரி என்பது ஒருவர் சொத்தல்ல. பல பேர் பசிக்கு ஒரே தட்டு. அந்தத் தட்டில் பறவையும் ஒரு பங்காளி.

ஆலாக் கூட்டம் எங்கே தொப்பு தொப்பென்று விழுகிறதோ அங்கே மீன் இருக்கிறது என்று மீனவருக்குத் தெரியும். பூநாரை நடந்தால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்றும் தெரியும். அவர்களும் பறவை பார்ப்பவர்கள்தான், கையில் பைனாகுலர் இல்லையே தவிர.

முகத்துவாரம் அடைத்தால்

பழவேற்காட்டுக்கு உயிர்நாடி முகத்துவாரம். கடல் அலை மணலைக் கொண்டு வந்து தள்ளும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்து அதைத் தள்ளித் திறக்கும். மழை பொய்த்தால், ஆற்றில் தண்ணீர் குறைந்தால், மணல் ஜெயித்துவிடும். முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடலில் இருந்து இறால் குஞ்சு உள்ளே வராது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். மீனவர் படகு கடலுக்குப் போக முடியாது. பறவைக்கும் தீனி குறையும். மீனவரின் நஷ்டமும் பறவையின் நஷ்டமும் ஒரே நாளில் ஒரே இடத்தில் தொடங்குகிறது!

பல வருடங்கள் மீனவர்கள் தாங்களே கைப்பணம் போட்டு மணலைத் தோண்டி முகத்துவாரத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நிலையான தீர்வு வேண்டும் என்று தொடர்ந்து போராடியதும் அவர்கள்தான். அதன் பிறகே அரசு முகத்துவாரத்தின் இருபுறமும் கல் கொட்டித் தடுப்புச் சுவர் கட்டும் திட்டத்தைக் கையில் எடுத்தது. மீனவர்கள் கேட்டது தங்கள் படகுக்காகத்தான். பறவைக்காக யாரும் மனு கொடுக்கவில்லை. ஆனால் பழவேற்காட்டில் பறவைகளுக்காகச் செய்யப்பட்ட பெரிய காரியம் எது என்று கேட்டால் இந்த மண் தோண்டலைத்தான் சொல்ல வேண்டும்.

வேடந்தாங்கல் பேரேட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறதா? அங்கே எச்சம், இங்கே இறால். கணக்கு ஒன்றுதான்.

சட்டம் வந்த பிறகு

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பெல்லாம் துப்பாக்கியோடு போய் வாத்து சுடுவது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. சட்டத்துக்குப் பிறகு ஆந்திர அரசு 1976ல் தன் பக்கத்தைச் சரணாலயம் ஆக்கியது. தமிழ்நாடு 1980ல் சுமார் 153 சதுர கிலோ மீட்டரைப் பழவேற்காடு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இதற்கிடையில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஸ்ரீஹரிகோட்டா தீவில் 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் பறந்தது. ராக்கெட் தளத்துக்குள் யாரும் நுழைய முடியாது என்பதால் அங்கே காடு தப்பித்தது. அங்கே வாழ்ந்த மக்களோ வெளியேற வேண்டி வந்தது.

துப்பாக்கி ஓய்ந்ததற்குச் சட்டம்தான் காரணம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு சிக்கல். சரணாலயம் என்று அறிவித்தால் அதற்குள் நிலமோ, மீன்பிடி உரிமையோ உள்ளவர்களை மாவட்ட ஆட்சியர் விசாரித்து, யாருக்கு என்ன உரிமை என்று தீர்த்து வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பழவேற்காட்டில் அந்த வேலை பல பத்தாண்டுகளாக இழுத்துக்கொண்டே வந்தது. உரிமை தீராத இடத்தில் வாழ்கிறவனுக்குச் சரணாலயம் என்ற சொல்லே பயமாகத்தானே இருக்கும்?

வேடந்தாங்கலில் காகிதம் ஊர்க்காரர் கையில் இருந்தது. வெளியாளைத் தடுக்கும் உரிமையை அது ஊருக்குக் கொடுத்தது. பழவேற்காட்டில் காகிதம் அலுவலகத்தில் இருந்தது. ஊர்க்காரனுக்கே அதில் இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வடக்குக் கரையில், ஆந்திராவில், இரண்டும் கலந்த நிலை. சூளூர்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு என்ற கிராமத்து ஏரியில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அங்கிருந்து இரை தேட பழவேற்காட்டுக்கு வந்து போகும். வேடந்தாங்கல் போலவே அங்கும் எச்சம் கலந்த தண்ணீரின் அருமை உழவர்களுக்குத் தெரியும். 2001ல் சூளூர்பேட்டையில் 'பூநாரைத் திருவிழா' தொடங்கினார்கள். சில வருடங்கள் விட்டுப் போனாலும், பறவைக்கென்று ஒரு திருவிழா எடுத்துப் பள்ளிக் குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றி ஏரிக்குக் கூட்டி வருவது நல்ல விஷயம்தான்.

பைனாகுலரோடு வந்தவர்கள்

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் பறவை பார்ப்பது ஒரு பொதுப் பழக்கமாக மாற சாலிம் அலியின் 1941ம் வருடப் புத்தகம் பெரிய காரணம். தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகனான இவர் 1950 முதல் 1996ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் விடாமல் இயற்கை பற்றி எழுதியவர். தமிழிலும் எழுதினார். க. ரத்னம் ஊர் ஊராக வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தார். ஜெர்டன் விட்ட இடத்தில் இருந்து ஒரு தமிழர் தொடர்ந்தார் என்று சொல்லலாம்.

1978ல் சென்னையில் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி தொடங்கியது. வங்கி ஊழியர், ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றவர் என்று எல்லா வகை ஆட்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஏரி ஏரியாகச் சுற்றுவார்கள். சென்னைக்கு அருகே என்பதால் பழவேற்காடு அவர்களுக்கு முக்கியமான இடம். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் ஏரிக்கரை. மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரி பூநாரைக்குப் பேர் போனது. முன்பு மீனவர் படகில் ஏறி ஏரிக்குள் போவார்கள். 2011 டிசம்பர் 25ம் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது.

1987ல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரே சமயத்தில் பல நாடுகளில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணுவார்கள். சம்பளம் கிடையாது. பெட்ரோல் செலவு சொந்தக் காசு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. கால் மணி நேரம் மொட்டை மாடியில் நின்று பார்த்ததைக் கூட இணையத்தில் ஏற்றலாம். காகத்தையும் மைனாவையும் எண்ணினாலும் கணக்கில் சேரும்.

ஆயிரக்கணக்கில் நிற்கும் பறவையை எப்படி எண்ணுவது என்று சந்தேகம் வரும். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது கண்ணுக்கு எவ்வளவு அகலம் என்று பார்த்துக்கொள்வார்கள். பிறகு அந்தப் பத்தை வைத்து நூறு, நூறை வைத்து ஆயிரம். துல்லியம் இருக்காது. ஆனால் அதே இடத்தில் அதே மாதத்தில் 20, 30 வருடம் எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரு வருடத்து வரவு செலவை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியின் நிலையைச் சொல்ல முடியுமா? பத்து வருடக் கணக்கு வேண்டும் அல்லவா? அதே கதைதான்.

கணக்கு எதற்கு உதவும்?

ஆரம்பத்தில் கேட்ட "என்ன லாபம்" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்.

பழவேற்காட்டின் தெற்கு ஓரத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் இணைக்கிறது. அங்கே 1994ல் வட சென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001ல் எண்ணூர் துறைமுகம். அதன் பிறகு காட்டுப்பள்ளி துறைமுகம். சாம்பல் கழிவு கழிமுகத்தில் படிந்து ஆழம் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போயின. எண்ணெய் அப்பிய இறக்கைகளோடு கூழைக்கடாக்கள் தத்தளித்தன. அந்தப் பறவைகளைப் பார்த்துப் படம் எடுத்து வெளியே சொன்னதில் பறவை நோக்கர்களுக்கும் பங்கு உண்டு. அலுமினியத் தட்டாலும் வாளியாலும் எண்ணெயை அள்ளியது மீனவர்கள்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் கடுமையாக எதிர்த்தன. கடல் அரித்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் திட்டு கரைந்துவிடும் என்பது அவர்கள் பயம். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்க இருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளி வைக்கப்பட்டன.

தொழிற்சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்துபவர்கள் எத்தனையோ பேர். துறைமுகம் என்றால் வேலை, ஏற்றுமதி, வரி வருமானம் என்று ஒரு பக்கம் தெளிவாக எண்களைப் போட்டுக் காட்டிவிடலாம். மறுபக்கம் என்ன எண் இருக்கிறது? இறால் எவ்வளவு, மீன் எவ்வளவு, பறவை எவ்வளவு என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தானே அதை எதிரே வைக்க முடியும்? எழுதாத வரவு, கணக்கில் பூஜ்யம் என்றே ஆகிவிடும். "அங்கே ஒன்றும் இல்லை, வெறும் சேறு" என்று ஓர் அறிக்கையில் எழுதிவிட்டால், இல்லை என்று மறுக்க ஆதாரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனவர்களின் நோட்டுப் புத்தகம்தான் அந்த ஆதாரம்.

வேடந்தாங்கலுக்கே இந்தச் சோதனை வந்தது. 1998ல் ஏரியைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்திருந்தார்கள். 2020ல் அந்த எல்லையை மாற்றி அமைக்கும் முன்மொழிவு வெளியே தெரிந்ததும் தமிழ்நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 200 வருடக் கவுலும், வருடா வருடம் எண்ணிய பறவைக் கணக்கும் கையில் இருந்ததால் பேச முடிந்தது.

சேர்ந்தால்தான் முழுக் கணக்கு

பறவை நோக்கர்கள் மேலும் ஒரு குறை உண்டு. வருகிறார்கள், பார்க்கிறார்கள், லிஸ்ட் போடுகிறார்கள், மாலை ரயிலில் போய்விடுகிறார்கள். ஏரிக்கரையில் நிற்கும் மீனவரிடம் நாலு வார்த்தை பேசுவது குறைவு. மீனவரைப் பறவைக்குத் தொந்தரவு என்று பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். மீனவருக்கோ இவர்கள் வனத்துறை ஆட்களா என்று சந்தேகம். பக்லி காலத்தில் இருந்து இந்த இடைவெளி இருக்கிறது. தெரிந்தவன் ஒருவன், எழுதுபவன் வேறொருவன்.

ஆனால் இரண்டு பேரும் கவலைப்படுவது அதே தண்ணீரைப் பற்றித்தான். முகத்துவாரம் எந்த மாதம் அடைத்தது, தண்ணீர் எவ்வளவு வற்றியது, இறால் எப்போது குறைந்தது என்பது மீனவர் மனக்கணக்கில் இருக்கிறது. அந்த மாதங்களில் பூநாரை எத்தனை நின்றது என்பது பறவை நோக்கர் நோட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் பழவேற்காட்டுக்கு ஒரு முழுமையான பேரேடு கிடைக்கும். 1798ல் வேடந்தாங்கல்காரர்கள் கலெக்டர் வாசலில் போய் நின்றபோது அவர்கள் கையில் இருந்ததும் இதுதான். பறவை இருந்தால் எங்கள் வயல் விளையும் என்ற கணக்கு.

அடுத்த ஜனவரியில் பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். அண்ணாமலைச்சேரியிலோ சுண்ணாம்புக்குளத்திலோ கரையில் நின்று பூநாரையை எண்ணி முடித்ததும், வலை காய வைத்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் "இந்த வருசம் தண்ணி எப்படிண்ணே?" என்று கேட்டு, அவர் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை அடுத்த வருடமும் எடுத்துக்கொண்டு போங்கள்.